தொள்ளாயிரத்தால் வகுப்பவர்

நூலின் நுனியை நாக்கில் தொட்டு முறுக்கி, பூகோள உருண்டையில் எங்கள் ஊர் இருக்கவேண்டிய இடத்தில் கட்டைவிரலால் அழுத்திக்கொள்கிறார். எங்கள் ஊர் அந்த உருண்டையில் இல்லை. அச்சடித்தவன் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. ஆகவே இவரே சிவப்பு மையில் ஒரு புள்ளி வைத்திருக்கிறார். வேர்வை பட்டுப் பட்டு அது பரவி, இப்போது மூன்று நாடுகளில் கொஞ்சம் கொஞ்சம் கிடக்கிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு நூலை உருண்டையின் முதுகுப்பக்கம் வரை இழுத்துப்போய் ஆள்காட்டி விரலால் நிறுத்துகிறார். பிறகு அதை எடுத்து அடிக்கோலின் மேல் கிடத்துகிறார். உதடு அசைகிறது. எதிரே கணினித் திரையில், தூரம் சொல்லும் ஓர் இணையப் பக்கத்தில், விடை முன்பே தயாராக இருக்கிறது. இந்த விமான நிலையத்திலிருந்து அந்த விமான நிலையத்துக்குப் பதினைந்தாயிரத்து நூற்று ஐம்பது கிலோமீட்டர்; பறக்கும் நேரம் பதினேழு மணி இருபது நிமிடம்.

“பாத்தீங்களா டாக்டர், நூலும் அதையேதான் சொல்லுது” என்கிறார்.

நூல் ஒன்றும் சொல்லவில்லை. எந்த இடத்தில் நிறுத்தினால் திரையில் உள்ள தொகை வரும் என்று அவர் விரலுக்குப் பழக்கம். அவ்வளவுதான்.

நான் கால்நடை மருத்துவன். செவ்வாய், வெள்ளி இரண்டு காலையும் இந்த அலங்கார மீன் ஏற்றுமதிக் கூடத்துக்கு வருவேன். வெளிநாடு போகிற மீன்களுக்கு நோய் இல்லை என்று பார்த்துச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது என் வேலை. கூடம் முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள். காற்றுக் குழாய்களின் இரைச்சலில் சாதாரணப் பேச்சே சண்டை மாதிரி கேட்கும். எப்போதும் ஈரத் தரை. காலணியை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் நடக்கவேண்டும். கூடத்தில் காய்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான்: இவருடைய குளிரூட்டிய கண்ணாடி அறை. அங்கே இவர் மட்டும் பளபளக்கும் ஷூவோடு உட்கார்ந்திருப்பார்.

கதவில் ‘லாஜிஸ்டிக்ஸ் மேனேஜர்’ என்று பலகை தொங்குகிறது. கூடத்துப் பெண்கள் வைத்த பெயர் ஏரோப்ளேன் சார். தோளில் பட்டை வைத்துத் தைத்த வெள்ளைச் சட்டைதான் எந்நாளும். அதைத் தைக்கும் தையல்காரரிடம் விமானியின் புகைப்படம் ஒன்றைக் கொடுத்து வைத்திருக்கிறாராம். அறைச் சுவரில் ஐந்து கடிகாரங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு வெளிநாட்டு நகரத்தின் பெயர். அவற்றில் இரண்டு எப்போதோ நின்றுவிட்டன. ஏன் சார் என்று கேட்டேன். “அந்த ரெண்டு ஊருக்கும் இப்ப நமக்கு ஆர்டர் இல்ல டாக்டர். சும்மா எதுக்கு பேட்டரி?” என்றார். ஆர்டர் இல்லாத ஊரில் நேரம் ஓடவேண்டிய அவசியம் அவருக்குப் புரியவில்லை.

இந்தப் பதவிக்கு அவரிடம் உள்ள தகுதிகள் இரண்டு. ஒன்று, அவர் முதலாளியம்மாவின் தம்பி. இன்னொன்று, தொள்ளாயிரத்தால் வகுக்கத் தெரியும். எந்த இரண்டு விமான நிலையத்தைச் சொன்னாலும், தூரத்தை எடுத்துத் தொள்ளாயிரத்தால் வகுத்து, ஏறி இறங்க ஓர் அரைமணி சேர்த்து, நிமிடச் சுத்தமாக நேரத்தைச் சொல்லிவிடுவார். அந்த இணையப் பக்கமும் அதையேதான் செய்கிறது என்பதை அவர் தனக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்த இரண்டு ஊருக்கும் நடுவே விமானம் என்று ஒன்று ஓடுகிறதா என்று பக்கமும் கேட்பதில்லை, இவரும் கேட்பதில்லை.

இவர் விமானம் ஏறியது ஒரே ஒரு தடவை. பக்கத்து மாநகரத்துக்கு, உறவினர் கல்யாணத்துக்கு, ஒரு மணி நேரப் பயணம். அந்தப் பயணத்தின் போர்டிங் பாஸ் துண்டைக் கண்ணாடித் தாளுக்குள் வைத்து ஒட்டி மேஜைக் கண்ணாடியின் கீழே வைத்திருக்கிறார். அந்த ஒரு மணி நேரமும் அவர் காகிதப் பையை வாயருகே பிடித்துக்கொண்டு இரண்டு கண்ணையும் இறுக மூடியிருந்தார் என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார். கேட்டு எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது உண்மை. ஆனால் அதற்கு அடுத்ததாக அந்த அம்மா வேன் கதையையும் சொன்னார்; இரக்கம் போய்விட்டது.

அந்த அம்மாவின் அண்ணன் நாலு வருடம் கழித்து வெளிநாட்டிலிருந்து வருகிறார். ஏறிய நேரத்தைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்ட நம் ஆள், உருண்டை, நூல், வகுத்தல் எல்லாம் முடித்து, காலை பதினொன்று பத்துக்கு இறங்குவார் என்று அறிவித்துவிட்டார். ஒன்பது பேர் வேனில் பத்து மணிக்கே போய் விமான நிலைய வாசலில் நின்றார்கள். பதினொன்று பத்து ஆனது. ஒன்று ஆனது. கொண்டுபோன சாப்பாடு தீர்ந்தது. பிள்ளைகள் சாமான் தள்ளும் வண்டியில் சுருண்டு தூங்கின. மாலை ஆறு மணிக்கு மனிதர் வெளியே வந்தார். நடுவில் ஓர் ஊரில் இறங்கி, ஏழு மணி நேரம் காத்திருந்து, வேறு விமானம் பிடித்து வந்திருக்கிறார். கட்டிப்பிடிக்க வந்தவரை நம் ஆள் கையை நீட்டி நிறுத்தினாராம்.

“ஏன் மச்சான் நேரா வரல?”

“நேரா விமானமே கிடையாதே!”

“இல்லாட்டி என்ன? தூரம் அவ்ளோதானே!”

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம், “என் கணக்குல பிசகில்ல, விமானந்தான் லேட்டு” என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். இன்றைக்கும் அந்த வீட்டில் யாராவது குளியலறையில் அதிகநேரம் இருந்துவிட்டால் பிள்ளைகள் வெளியே நின்று அந்த வாக்கியத்தைத்தான் கத்துகின்றன.

இப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். மீன் கூடத்தில் இருந்தால் சிரிக்க முடியாது.

மீனை அனுப்புவது இப்படி. இரண்டு நாள் பட்டினி போட்டு வயிற்றைக் காலி செய்யவேண்டும். பாலித்தீன் பையில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு, மீனை எண்ணிப் போட்டு, மேலே இரண்டு பங்கு ஆக்சிஜன் அடைத்து, வாயை முறுக்கி ரப்பர் பேண்ட் போடவேண்டும். பிறகு தெர்மாகோல் பெட்டி. பை கட்டிய நொடியிலிருந்து மீன் தன் மூச்சையே செலவழித்துக்கொண்டிருக்கிறது. தன் கழிவிலேயே நீந்துகிறது. நேரம் ஆக ஆகத் தண்ணீர் நஞ்சாகும். ஆகவே பயணம் நீளமானால் பைக்குள் மீன் குறைய வேண்டும். இந்தத் தொழிலின் உயிர் அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

அந்த எண்ணிக்கையை இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிவந்தவர் பேக்கிங் அக்கா. முதலாளி உட்பட எல்லாருக்கும் அவர் அக்காதான். அவருக்குக் கீழே ஆறு பெண்கள். நாள் முழுவதும் தண்ணீரில் இருந்து விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருக்கும். பையை விளக்கு வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்து, “இதுல பத்து கூட. எடுத்துடு” என்பார். எண்ணிப் பார்த்தால் எட்டோ பன்னிரண்டோ அதிகம் இருக்கும். எந்த ஊர், எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேட்கமாட்டார். அவர் கேட்பது ஒரே கேள்வி: “கட்டினதுலேருந்து பிரிக்கிற வரைக்கும் எவ்ளோ நேரம்?”

இரண்டு வருடத்துக்கு முன் ஏரோப்ளேன் வந்து இறங்கினார். அன்றிலிருந்து அந்தக் கேள்விக்குப் பதில் ஒரு மஞ்சள் சீட்டில் வருகிறது. தூரம், பறக்கும் நேரம், ஒரு பைக்கு இத்தனை மீன். கையெழுத்து இருக்காது. “மேனேஜர் எழுதினா மேனேஜர் எழுதினதுதான், கையெழுத்து எதுக்கு?” என்பார். அருகில் உள்ள ஊர்களுக்கு நேர் விமானம் உண்டு. அவர் கணக்கு ஏழெட்டு மணி நேரம் பிசகினாலும் மீன் எப்படியோ தாங்கிக்கொண்டது. இரண்டு தடவை தாங்கவில்லை. இரண்டு தடவையும் திட்டு வாங்கியது பேக்கிங் பகுதி. இரண்டாம் தடவை முதலாளி கூடத்தின் நடுவில் நின்று எல்லார் காதிலும் விழச் சொன்னார்: “இன்னொரு தடவ இப்டி ஆச்சுன்னா ஏழு பேரும் வீட்டுக்குப் போயிடுங்க. பேக்கிங்க வெளி ஆள்கிட்ட விட்டுடறேன்.” ஏழு பேரில் நாலு பேர் வீட்டில் சம்பாதிப்பவர் வேறு யாரும் இல்லை. எல்லாரையும் இந்த வேலைக்குக் கூட்டிவந்தது அக்காதான்.

அந்த நிலைமையில்தான் உருண்டையின் முதுகுப்பக்கத்திலிருந்து ஆர்டர் வந்தது. புது ஆள். பெரிய கடை. பன்னிரண்டு பெட்டி, எல்லாம் விரல்நகம் அளவுள்ள சிவப்பு நீலக் குட்டி மீன்கள். முதலாளி சந்தோஷத்தில் கூடத்துக்குள் ஷூவோடு வந்துவிட்டார். மஞ்சள் சீட்டு வந்தது: பதினேழு மணி இருபது நிமிடம், பைக்கு இருநூற்று ஐம்பது.

அக்கா சீட்டைக் கையில் வாங்கினார், ஓரம் நனைந்தது. கண்ணாடி அறை வாசல் வரை வந்து நின்றார். உள்ளே வரவில்லை, காலில் ஈரம். செவ்வாய்க்கிழமை காலை, ஏழு மணிகூட ஆகவில்லை. சான்றிதழை நிரப்பிக்கொண்டு நானும் அங்கேதான் இருந்தேன்.

“சார், இந்த ஊருக்கு நேர் விமானம் உண்டா?”

“அதெல்லாம் உங்களுக்கு எதுக்குக்கா? எப்டிப் போனாலும் தூரம் மாறப் போகுதா?”

“தூரம் மாறாது சார். ஆனா மீனுக்குத் தூரம் தெரியாதே. எத்தன மணி நேரம் பைக்குள்ள கிடக்குதுன்னுதானே அதுக்குத் தெரியும். இருநூத்தம்பது தாங்காது சார். நூத்தம்பது போடலாம்.”

“நூத்தம்பது போட்டா பன்னெண்டு பெட்டி இருபது பெட்டி ஆயிடும். அத்தானுக்கு யார் பதில் சொல்றது?”

அந்த நேரம் உள்ளே வந்த முதலாளி, மைத்துனரின் தோளுக்கு மேலாகக் குனிந்து திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவரைச் சாய்த்தது அந்த இருபது நிமிடம். பதினேழு மணி என்று மட்டும் போட்டிருந்தால் ஒருவேளை சந்தேகப்பட்டிருப்பார். “நிமிஷம் வரைக்கும் போட்டிருக்கான்க்கா. தெரியாமயா போடுவான்?” என்றார். ஏரோப்ளேன் நாற்காலியை அரை வட்டம் சுழற்றி, அக்காவைப் பார்த்து, குழந்தைக்குப் பாடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்: “ஆகாயத்துல ட்ராஃபிக் ஜாம் கிடையாதுக்கா.”

அக்கா என்னைப் பார்த்தார். என் எதிரே கோப்பு திறந்து கிடந்தது. அதில் சரக்குச் சீட்டு இருந்தது. அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று விமான எண்கள். மூன்று விமானம் என்றால் நடுவில் இரண்டு ஊரில் பெட்டி இறங்கி ஏறும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது. மீனுக்கு நோய் உண்டா இல்லையா என்பதுதான் என் வேலை, பேக்கிங் என் வேலை இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். என் சான்றிதழில் ‘பயண நேரம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் பதினேழு மணி இருபது நிமிடம் என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இந்தச் சித்திரத்தில் நான் ஏரோப்ளேனைத் திட்டுகிற திட்டில் கால்வாசி எனக்குச் சேரவேண்டியது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

அக்கா திரும்பிப் போனார். பதினோரு பெட்டியைச் சீட்டில் உள்ளபடியே கட்டினார்கள். பன்னிரண்டாவதை மட்டும் அவர் யாரையும் தொடவிடாமல் தானே கட்டினார். பைக்கு நூற்று ஐம்பது. மூடியின் மேல் நீல மார்க்கரில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். மிஞ்சிய மீன்களைத் தொட்டியிலேயே திரும்ப விட்டார். ஏன் என்று நான் கேட்டதற்கு, “ஒண்ணாவது உயிரோட போய்ச் சேரட்டும் டாக்டர். அப்பவாவது இவங்களுக்குத் தெரியும்” என்றார். பதினோரு மணிக்கு வண்டி கிளம்பியது. ஏரோப்ளேன் வாசல்வரை வந்து, வண்டி தெருமுனை திரும்பும்வரை கையை உயர்த்திக் காட்டிக்கொண்டே நின்றார். ஓடுதளத்தில் நின்று விமானத்தை வழியனுப்புகிறவர்கள் அப்படித்தான் செய்வார்களாம். மறுநாள் காலையில், மீன் போய்ச் சேர்ந்திருக்கும் என்று எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம். மீன் அப்போதுதான் இரண்டாவது விமானத்தில் ஏறியிருந்தது.

வெள்ளிக்கிழமை நான் வந்தபோது ஆறு பெண்களும் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வேலை தொடங்கவில்லை. காற்றுக் குழாய்கள் மட்டும் யாருக்கோ இரைந்துகொண்டிருந்தன. கண்ணாடி அறைக்குள் முதலாளி, மைத்துனர், அவர்கள் எதிரே அக்கா. இந்தத் தடவை அவரை ஈரக்காலோடு உள்ளே கூப்பிட்டிருந்தார்கள்.

திரையில் படங்கள். பை பையாக, பால்போல் கலங்கிய தண்ணீர், அதன்மேல் வயிற்றைக் காட்டி மிதக்கும் குட்டி மீன்கள். சிவப்பும் நீலமும் போய் எல்லாம் வெளிறிவிட்டன. கடைசிப் படத்தில் மூடியில் பெருக்கல் குறி போட்ட பெட்டி. பைக்குள் மீன்கள் கூட்டமாகத் திரும்பி நீந்திக்கொண்டிருந்தன. கூடவே கடைக்காரரின் கடிதம். எதனால் செத்தன, யார் பொறுப்பு என்று கையெழுத்தோடு எழுத்துமூலம் விளக்கம் வேண்டும். இல்லாவிட்டால் இத்தோடு சரி என்று எழுதியிருந்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று சரக்குச் சீட்டை எடுத்து மேஜையில் விரித்தேன். கட்டி முடிக்கவும் வண்டி கிளம்பவும் நாலு மணி. இங்கே கிடங்கில் ஐந்து. முதல் விமானம் ஐந்து. இறங்கிக் காத்திருந்தது ஒன்பது. இரண்டாவது பதினாலு. மறுபடி நாலு. மூன்றாவது விமானம் இரண்டு. அங்கே சுங்கத்தில் மூன்று. “மொத்தம் நாப்பத்தாறு மணி நேரம் சார். நீங்க சொன்னது பதினேழேகால் சொச்சம்.”

ஏரோப்ளேன் சீட்டைத் தன் பக்கம் திருப்பினார். பென்சில் எடுத்துச் சில எண்களுக்கு மட்டும் வட்டம் போட்டார். கலங்கவே இல்லை.

“காத்துல இருந்தது இருபத்தொரு மணி நேரந்தான் டாக்டர். மீதி இருபத்தஞ்சு மணி நேரம் பெட்டி தரையில சும்மா இருந்திருக்கு. சும்மா இருக்கறத எப்டி பயணம்னு சொல்றது?”

“சரி, காத்துலயே இருபத்தொண்ணு ஆகுதே. உங்க கணக்கு பதினேழுதானே?”

“எதிர்க்காத்து” என்றார் உடனே.

மனிதனை அறையலாம் போல இருந்தது. செத்த மீன் அவர் எதிரே மிதக்கிறது. அவர் காற்றைக் குற்றம் சொல்கிறார். அக்கா கடைசிப் படத்தைக் காட்டி முதலாளியிடம் சொன்னார்: “அந்தப் பெட்டியில நூத்தம்பதுதான் போட்டேன். சீட்டுல இருந்த மாதிரி போடல. நான்தான் கட்டினேன். அது மட்டும்தான் உயிரோட இருக்கு. நீங்களே பாத்துக்கோங்க.”

இனி இவரால் என்ன சொல்லமுடியும் என்று நினைத்தேன். அவரை நான் குறைவாக எடைபோட்டுவிட்டேன். முகம் மலர்ந்து நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

“பாருங்க அத்தான்! அவங்களே ஒத்துக்கறாங்க! ஒழுங்கா பேக் பண்ணத் தெரிஞ்சிருக்கு. ஒரு பெட்டிய மட்டும் ஒழுங்கா பண்ணிட்டு, மத்த பதினொண்ணையும் அசட்டையா விட்டிருக்காங்க!”

அறிவுள்ள பொய்க்குப் பதில் சொல்லலாம். இது பொய்கூட இல்லை. அவர் அதை மனதார நம்பினார்.

முதலாளி என்னை வெளியே, தொட்டிகளுக்கு நடுவில் கூட்டிப்போனார். இரைச்சலில் என் காதருகே குனிந்தார். “டாக்டர், எனக்குத் தெரியாதா? எல்லாம் தெரியும். ஆனா சாயந்திரம் நான் வீட்டுக்குப் போகணுமே” என்றார். இருபத்திரண்டு வருடம் தன் தொழிலைத் தாங்கிய பெண்ணை, ஒரு வேளைச் சாப்பாட்டில் மனைவியின் முகம் கோணுமே என்று விட்டுக்கொடுத்தார். மைத்துனருக்காவது அறியாமை என்ற சாக்கு இருந்தது. இவருக்கு அதுவும் இல்லை. நான் பயண நேரத்தைத் தவறாக எழுதினேன் என்று சான்றிதழைத் திருத்தித் தருகிறேன், அதைக் கடைக்காரருக்கு அனுப்புங்கள் என்றேன். “உங்களுக்கு எதுக்கு டாக்டர் வம்பு?” என்று தோளைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கடிதம் முன்பே ஆங்கிலத்தில் தட்டச்சாகித் தயாராக இருந்தது. ஏரோப்ளேன் அடித்தது. அக்காவுக்கு ஆங்கிலம் வராது. தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“என்ன எழுதியிருக்கு டாக்டர்?”

படித்துச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அளவுக்கு மேல் மீன் போட்டதே காரணம். அது பேக்கிங் மேற்பார்வையாளரின் கவனக்குறைவு. அவர் இன்றோடு பணியிலிருந்து விலகுகிறார். தூரம், நேரம், மஞ்சள் சீட்டு எதைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை.

“இதுல போடாதீங்கக்கா. நான் எழுதித் தரேன், எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்” என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடி வழியே வாசல் படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதலாளியிடம் கேட்டார்: “நான் போட்டா அந்த ஆறு பேரும் இருக்கலாமா?”

“இருக்கலாம்க்கா.”

“வெளி ஆள்கிட்ட விடமாட்டீங்களே?”

“மாட்டேன்.”

“பைக்கு எத்தனைன்னு அவளுங்க சொல்றத கேப்பீங்களா?”

முதலாளி மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் பெருந்தன்மையோடு தலையாட்டினார். “கேக்கலாம்க்கா, கேக்கறதுல என்ன இருக்கு?” என்றார். அது எவ்வளவு நாளைக்கு என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்தது. ஆனாலும் அந்த ஆறு பேருக்கு நாளைக் காலையில் வேலை இருக்கும்.

அக்கா கையைப் புடவையில் துடைத்தார். எத்தனை துடைத்தாலும் அந்த விரல்களின் ஈரம் முழுதும் போகாது. ஏரோப்ளேன் சட்டைப்பையிலிருந்து தன் மைப் பேனாவை எடுத்து, மூடியைத் தானே கழற்றி, அவர் பிடிக்க வாகாகத் திருப்பிக் கொடுத்தார். எங்கே போடவேண்டும் என்று விரல் வைத்துக் காட்டினார். குளிரூட்டியின் காற்றில் தாள் எழும்பியபோது அதன் மூலையைப் பிடித்துக்கொண்டார். அக்கா நின்றபடியே குனிந்து, எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினார். ஈரம் பட்டு முதல் எழுத்து லேசாகக் கசிந்தது.

ஏரோப்ளேன் பதறிப்போய்த் தாளை இரண்டு கையாலும் தூக்கி, கையெழுத்து கலைந்துவிடாமல் இருக்க, உதட்டைக் குவித்து அதன்மேல் மெல்ல ஊதினார்.